புதுப் பெட்டி வந்தது, வேகம் போனது!

ஐந்து வருடம் உழைத்த பழைய ரவுட்டர் அடிக்கடி நின்று போயிற்று. அதைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றை வாங்கி வந்து மாட்டினார்கள். நான்கு கொம்பு வைத்த பெட்டி. அட்டையின் மேல் “1200” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

விளக்குகள் எரிந்தன. வைஃபை வந்தது.

வேகம் மட்டும் வரவில்லை! முன்பு இருந்ததும் போய்விட்டது!

இது எங்கோ ஒரு வீட்டில் நடந்த அதிசயம் அல்ல. தெருவுக்குத் தெரு நடக்கிறது. பணம் கொடுத்துப் புதுச் சாமான் வாங்கி, பழைய வேகத்தையும் இழந்து, வீட்டுக்குள் சண்டையும் போட்டுக் கொள்கிறார்கள். கடைக்காரர் மேல் பழி. இன்டர்நெட் கம்பெனி மேல் பழி. மாட்டியவர் மேல் பழி.

உண்மையில் யார் குற்றவாளி? கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு கம்பியும் அரை மணி நேரமும் போதும்.

94... 93... 94...

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் என்று வைத்துக் கொள்வோம். இரண்டாவது மாடியில் ஒரு வீடு. அப்பா, அம்மா, கல்லூரிப் படிப்பை முடித்த மகள், பின் அறையில் பாட்டி. மாதச் சந்தா கட்டுவது 300 மெகாபிட் வேகத்துக்கு.

பழைய பெட்டி இருந்தபோது மகளின் லேப்டாப்பில் 250, 280 என்று வேகம் காட்டியது. புதுப் பெட்டி வந்த பிறகு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தால் 94. மறுபடி பார்த்தால் 93. மறுபடியும் 94.

பின் அறையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 6. அதுவும் நிற்பதில்லை. 6 என்று காட்டும், அடுத்த நிமிடம் 2 என்று காட்டும், பிறகு அரையாகிவிடும்.

பின் அறையில்தான் மகளின் மேஜை இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் அவளுக்கு ஒரு வேலைக்கான பேட்டி. வீடியோவில் நடக்கும் பேட்டி!

“நாளைக்கே பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்” என்றார் அப்பா.

“கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்றாள் அம்மா.

“அப்பா, முதலில் கம்பெனிக்குப் போன் பண்ணுங்கள்” என்றாள் மகள்.

மூன்று பேரும் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. பெட்டி நல்ல பெட்டி. கம்பெனியும் பேசியபடிதான் வேகம் கொடுத்துக் கொண்டிருந்தது.

மூன்று பாதைகள்

வீட்டுக்குள் இன்டர்நெட் வருவது ஒரே பாதையில் அல்ல. மூன்று பாதைகளில்.

முதல் பாதை, தெருவிலிருந்து வரும் கண்ணாடி இழை. தலைமயிர் போல் மெல்லிய இழை. அதற்குள் ஒளி ஓடி வருகிறது. சுத்தமான கண்ணாடிக்குள் ஒளியை வெகுதூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவோ என்ற விஞ்ஞானி 1966-ல் எழுதினார். அதற்காக 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த இழை வந்து சேரும் சிறு பெட்டிதான் ஃபைபர் பெட்டி.

இரண்டாவது பாதை, ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கம்பி. ஒரு முழமோ இரண்டு முழமோ இருக்கும். சில வீடுகளில் இரண்டு பெட்டிகளும் ஒன்றாகவே இருக்கும். அங்கே இந்தப் பாதை கிடையாது.

மூன்றாவது பாதை, காற்று. ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கும் போனுக்கும் ரேடியோ அலையாகப் போகிறது. இதைத்தான் வைஃபை என்கிறோம்.

வேகம் குறைந்தால் எந்தப் பாதையில் குறைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால் தொட்டியில் இருக்கிறதா, குழாயில் அடைப்பா என்று பார்ப்பதில்லையா? அதே மாதிரிதான்.

லேப்டாப்பை ஒரு கம்பியால் நேராக ஃபைபர் பெட்டியில் மாட்டி வேகம் பார்க்க வேண்டும். (சில கம்பெனிகளின் பெட்டியில் இப்படி மாட்டினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அதைக் கம்பெனியிடம் வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. புது ரவுட்டருக்கும் அதையேதான் கொடுக்க வேண்டியிருக்கும்.) பிறகு ரவுட்டரில் கம்பியை மாட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து, கம்பியைக் கழற்றிவிட்டு ரவுட்டருக்கு ஐந்தடி தூரத்தில் வைஃபையில் பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் பின் அறை.

இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகளில் கம்பி மாட்டும் துளையே கிடையாது. அதற்கென்று ஒரு சின்ன இணைப்புத் துண்டு விற்கிறது. பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிக் கொள்ளலாம்.

அந்த வீட்டில் பார்த்தார்கள். ஃபைபர் பெட்டியில் 290! ரவுட்டரில் கம்பியை மாட்டினால் 94!

ஆக, கம்பெனி நிரபராதி. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் ஏதோ கோளாறு.

எட்டுக் கம்பிகள்

94 என்ற எண் சாமானிய எண் அல்ல. வீட்டு இன்டர்நெட்டில் இந்த எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

ஏன் தெரியுமா?

நெட் கேபிள் என்கிறோமே, அது பார்வைக்கு ஒரே கம்பி. தோலை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள். இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடிகளாக இருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும்.

எட்டில் ஒன்று அறுந்து போனால் என்ன ஆகும்? இன்டர்நெட் நின்று போகும் என்றுதான் நினைப்போம். பல சமயம் நிற்காது! மிச்சமிருப்பது போதும் என்று பெட்டிகள் இரண்டும் தமக்குள் பேசிக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும். எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும். அறுந்த கம்பி வாயைத் திறந்து சொல்லாது.

100-க்கு இறங்கினால் 94 ஏன்? அரிசி மூட்டையில் சாக்கின் எடையும் சேர்ந்திருக்கும் அல்லவா? இன்டர்நெட்டில் வரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலுறை உண்டு. அதில் விலாசம் எழுதியிருக்கும். அந்தச் சுமை போக நமக்குக் கையில் கிடைப்பது 94, 95.

“94 கூட இல்லையே, 11 தானே வருகிறது” என்று சிலர் அலறுவார்கள். அது வேறு கணக்கு. கம்பெனி சொல்வது மெகாபிட். படம் இறக்கும்போது திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 94-ஐ எட்டால் வகுத்தால் 11-க்கு மேல் கொஞ்சம் வரும். இதில் மோசடி இல்லை. ஆனால் விளம்பரத்தில் இதையும் இரண்டு வரி எழுதியிருந்தால் ஜனங்களுக்கு எத்தனையோ கவலை மிச்சமாகியிருக்கும்!

சரி, அந்த வீட்டில் கெட்டுப்போன கம்பி எங்கிருந்து வந்தது?

பழைய ரவுட்டர் இருந்தது நடைவழியில், ஃபைபர் பெட்டிக்கு அடியில். அங்கே ஒரு முழக் கம்பி போதும். புதுப் பெட்டி வந்ததும், “சுவரெல்லாம் ஒயர் தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை” என்று அம்மா சொன்னாள். பெட்டியைக் கூடத்தில் டி.வி. அலமாரிக்குள் வைத்தார்கள். அவ்வளவு தூரத்துக்குக் கம்பி எட்டவில்லை. பரணிலிருந்து ஒரு பழைய நீளக் கம்பியை அப்பா எடுத்துக் கொடுத்தார்.

மாறியது பெட்டி மட்டும் அல்ல. அதே நாளில் கம்பியும் மாறிவிட்டது. இடமும் மாறிவிட்டது. பழியெல்லாம் பெட்டியின் தலையில்!

கம்பியை மாற்றினார்கள். 94 என்ற எண் மறைந்தது. 280 வந்தது. ஒரு கம்பியின் விலை ரவுட்டர் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

1200 என்றால் என்ன?

எல்லா வீட்டிலும் இப்படிச் சுலபமாக முடியாது. சில வீடுகளில் நல்ல கம்பி போட்டாலும் 94 நகராது. அங்கே பெட்டியே காரணம்.

அட்டையில் போட்டிருக்கும் “1200” என்பது காற்றில் போகும் வேகம். அதுவும் ஒரே வேகம் அல்ல. 300-ம் 867-ம் என்று இரண்டு அலைவரிசைகளின் வேகத்தைக் கூட்டி, மேலே கொஞ்சம் முழுமையாக்கிப் போட்ட எண். எந்தப் போனுக்கும் 1200 கிடைக்காது.

அந்தப் பெட்டியின் பின்னால் கம்பி மாட்டும் துளை இருக்கிறதே, மலிவான சில பெட்டிகளில் அதன் சக்தி 100 தான்! வீட்டுக்குள் அகலமான சாலை. வாசலில் ஒற்றையடிப் பாதை. 300-க்குச் சந்தா கட்டுகிறவருக்கு அந்தப் பெட்டி ஆகாது.

வாங்குவதற்கு முன்பு அட்டையில் சின்ன எழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். 10/100/1000 என்று போட்டிருந்தால் நல்லது. 10/100 என்று நின்றுவிட்டால் அது 100-க்கு மேல் கொடுக்காது. 50-க்கும் 100-க்கும் சந்தா கட்டுகிறவர்களுக்கு அதுவே தாராளம்.

பேட்டியைக் கெடுத்தது எது?

94 போய் 280 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பின் அறைக்குப் போய்ப் பார்த்தார்கள். பழையபடி 6!

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 94 நஷ்டம்தான், பணம் கொடுத்த வேகம் கைக்கு வரவில்லை. ஆனால் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவதற்கு 3, 4 மெகாபிட் நிலையாக வந்தால் போதும். 94-ல் பத்துப் பேர் பேசலாம். திங்கட்கிழமைப் பேட்டிக்கு ஆபத்து 94-ஆல் அல்ல. பின் அறையில் நிற்காமல் ஆடும் அந்த 6-ஆல்தான். அது மூன்றாவது பாதையின் கோளாறு. காற்றுப் பாதை.

வைஃபைக்கு முக்கியமாக இரண்டு அலைவரிசைகள் உண்டு. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். போன் திரையில் சில வீடுகளில் ஒரே பெயர் இரண்டு தடவை தெரியும். ஒன்றின் கடைசியில் 5 என்று போட்டிருக்கும். அதுதான் இது.

2.4 சுவரை ஓரளவு துளைத்துக் கொண்டு போகும். ஆனால் அங்கே கூட்டம் அதிகம். ஒன்றோடொன்று இடிக்காமல் போக மூன்றே வழிகள்தான். அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் அந்த மூன்றில்தான் நெருக்கியடிக்க வேண்டும். 5-ல் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் களைத்துவிடும்.

இந்தியாவில் 2.4 அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று 2005-ல் விதி வந்தது. 5-ல் அந்தச் சலுகையை 2018-ல் விரிவாக்கினார்கள்.

பழைய ரவுட்டரில் 5 என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து மகள் உபயோகித்து வந்தாள். புதுப் பெட்டியோ இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது. எதில் சேர வேண்டும் என்பதைப் பெட்டியும் லேப்டாப்புமே முடிவு செய்து கொள்ளும். பின் அறையில் 5 எட்டாததால் லேப்டாப் 2.4-ல் போய் ஒட்டிக் கொண்டது. கூட்டத்தில் மாட்டிக் கொண்டது!

அலமாரி என்ன செய்தது தெரியுமா? டி.வி. அலமாரிக்கு இந்தப் பக்கம் டி.வி. அந்தப் பக்கம் சுவர். சுவருக்குப் பின்னால் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி பதித்தது. இரும்பு ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் ரசப்பூச்சும் அப்படியே. கான்கிரீட் சுவருக்குள்ளும் இரும்புக் கம்பிகள் உண்டு. மீன் தொட்டி இருந்தால் தண்ணீர் அலையைக் குடித்துவிடும். பெட்டியை மறைத்து வைத்தால் கூடத்துக்கு அழகு, வைஃபைக்குச் சிறை.

அலைகள் சுவரில் மோதித் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிப் போவது வைஃபையை உருவாக்கியவர்களுக்கே பெரிய தலைவலியாக இருந்தது. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஜான் ஓ’சல்லிவன். அவர் வானத்தை ஆராய்ந்தவர். வெடித்துச் சிதறும் சின்னஞ்சிறு கருந்துளைகளிலிருந்து ரேடியோ அலை வருகிறதா என்று தேடினார். அது கிடைக்கவில்லை. ஆனால் கலங்கிய அலையைத் தெளிய வைக்கும் கணக்கு கைக்கு வந்தது. பிறகு அவரும் தோழர்களும் அந்த அறிவைக் கட்டிடத்துக்குள் ஓடும் அலைகளுக்குப் பயன்படுத்தினார்கள். 1996-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. வானத்தில் தேடியது வீட்டுக் கூடத்தில் பலித்தது!

அத்தனை பெரிய கணக்கும் பீரோவின் இரும்புத் தகட்டுக்கு முன்னால் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

பெட்டியைப் பழையபடி நடைவழிக்கே கொண்டு போனார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சின்னப் பலகை அடித்து வைத்தார்கள். இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்தார்கள். பின் அறைக் கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரே சுவர். லேப்டாப்பை 5-ல் சேர்த்ததும் 120-க்கு மேல் போய் நிலையாக நின்றது. ஒயர் தொங்குவது பற்றி அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ராட்டினம்

காற்றுப் பாதையில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரே ராட்டினம் உள்ள கிணறு மாதிரி அது. ஒருவர் இறைக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பாட்டியின் பழைய போன் மெதுவாக இறைக்கும். அது முடியும் வரை மகளின் லேப்டாப்பும் காத்திருக்கும். ஆகையால் பழைய போன்களை 2.4-ல் விட்டுவிட்டு, வேலைக்கும் படிப்புக்கும் உள்ள கருவிகளை 5-ல் சேர்ப்பது நல்லது.

மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-ஐ ஒட்டித்தான் ஓடுகிறது. 1945-ல் ரேடார் குழாயின் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கரின் சட்டைப்பையில் சாக்லேட் உருகிற்று. அதிலிருந்து பிறந்த அடுப்பு. சாதம் சூடு பண்ணும் இரண்டு நிமிடம் மட்டும் வைஃபை தடுமாறினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியிலும் பல வீடுகளில் வைஃபை இருக்கும். புது ரவுட்டர் வாங்கிய பிறகும் அது சும்மா இருப்பதில்லை. வீட்டுப் போன்கள் பழைய பழக்கத்தில் அதிலேயே போய்ச் சேரும். “புதுப் பெட்டி மோசம்” என்பார்கள்; போன் புதுப் பெட்டியின் பக்கமே வந்திருக்காது! அந்த வைஃபையை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

மின்சார அடாப்டர் விஷயத்திலும் அஜாக்கிரதை கூடாது. முனை பொருந்துகிறது என்பதற்காகப் பழைய பெட்டியின் அடாப்டரைப் புதியதில் சொருகக் கூடாது. 9 வோல்ட் வேறு, 12 வோல்ட் வேறு. வோல்ட் ஒன்றாக இருந்து ஆம்பியர் குறைந்தாலும் பெட்டி அடிக்கடி அணைந்து எரியும். வோல்ட் அதிகமானால் பெட்டி கருகவும் கூடும். மின்வெட்டுக்காகச் சின்ன யு.பி.எஸ். வைத்திருப்பவர்களும் எண்ணைப் பார்த்து மாட்ட வேண்டும்.

கண்ணாடி இழையை மட்டும் யாரும் தொடாமல் இருப்பது உத்தமம். அலமாரியை நகர்த்தும்போது அது மடங்கினால் ஒளி கசிந்து போகும். பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணைக் கெடுக்கும்.

ராத்திரி மட்டும் மெதுவா?

கம்பியை நேராக மாட்டியும் வேகம் இல்லை என்றால் அப்போது கம்பெனியைக் கேட்கலாம்.

தெருவில் வரும் ஒரே இழையை 32 வீட்டுக்கும் 64 வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது வழக்கம். எல்லோரும் சேர்ந்து பங்கு போட்டுக் கொள்வது சுமார் 2,500 மெகாபிட். விடியற்காலையில் 290 வந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு 40 வந்தால், கோளாறு வீட்டில் இல்லை, வெளியே இருக்கிறது. ரவுட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் அது தீராது.

புகார் சொல்லும்போது “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொன்னால், “ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்” என்ற பதில்தான் வரும். ஒரே லேப்டாப்பில், கம்பியை மாட்டி, காலை ஐந்து மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் மூன்று நாள் பார்த்த வேகத்தை ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும். அதைப் படித்துக் காட்டினால் லைன்மேன் வருவார்.

பிராட்பேண்ட் என்று பெயர் சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என்று மத்திய அரசாங்கம் 2023-ல் விதித்தது. “2-க்கு மேல் வருகிறதே” என்று யாராவது சொன்னால் ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. சந்தாச் சீட்டில் என்ன வேகம் போட்டிருக்கிறதோ அதைத்தான் கேட்க வேண்டும்.

புகார் கொடுத்தவுடன் ஓர் எண் கொடுப்பார்கள். டாக்கெட் எண் என்று பெயர். புகார் தீராவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீடு செய்யலாம். 2012-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். அங்கே முதலில் கேட்பது அந்த டாக்கெட் எண்ணைத்தான்.